படம் எப்பிடிங்க, போலாமுங்களா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு எழுதறனுங்க. சனிக்கிழம சம்பளம் போட்டு முடிச்சா செக்கிங் டேபிள்ல இருக்கற அக்காங்க, அயர்ன் மாஸ்டரு, ஊட்டுக்கு வந்தா நங்கை, கொழுந்தனாரு, அமுச்சிப் பாட்டின்னு ஆளாளுக்கு கேக்கறது ஒன்னே ஒன்னுதான், "நாளைக்கு என்ன படம் போலாம்?" தனித்தனியா சொல்லி மாள மாட்டேங்குது, அதனால எல்லாத்தையும் ஒட்டுக்கா இங்க எழுதிப் போட்டுட்டேன். 2024, 2025 ரெண்டு வருசத்துல வந்ததுல தியேட்டர்ல பாத்ததும் இருக்கு, ஓடிடில பாத்ததும் இருக்கு. முடிவு தெரியக்கூடாதுன்னு நெனைக்கறவங்க மகாராஜா, மெய்யழகன் ரெண்டையும் தாண்டிப் போயிருங்க.

ஒரு படம் நல்லாருக்குன்னு எத வெச்சு சொல்றீங்க?

காசு வெச்சுங்க. டிக்கெட் காசு இல்ல, படத்துக்குள்ள ஓடற காசு. ஹீரோ என்ன சோலி பாக்கறான், மாசம் என்ன வருது, ஊட்டு வாடக யாரு கட்டறா, ஆஸ்பத்திரி செலவு வந்தா யார்ட்ட போய் நிப்பான், இது தெரிஞ்சா எனக்கு அந்த ஆளு நெசமான ஆளாத் தெரிவான், அப்பறம் அவன் அழுதா எனக்கும் அழுக வரும். ஒன்னுமே தெரியலைனா அவன் நூறு பேர அடிச்சாலும் நான் பாப்கார்ன்தான் தின்னுட்டு இருப்பேன். எங்க ஊட்டுக்காரரு "உனக்கு படத்துலயும் பேலன்ஸ் ஷீட்டு வேணுமா"ன்னு கேப்பாரு. வேணும்னுதான் சொல்லுவேன்.

அப்ப ரெண்டு வருசத்துல பாத்ததுல உங்களுக்கு ரொம்ப புடிச்சது?

குடும்பஸ்தன். யோசிக்கவே வேண்டியதில்ல. 2025 ஜனவரில வந்துச்சு, ராஜேஷ்வர் காளிசாமி டைரக்சன், மணிகண்டன் ஹீரோ, நம்ம கோயமுத்தூரு நக்கலைட்ஸ் யூடியூப் சேனல் டீம் ஆளுக எழுதுன படம். கதையும் கோயமுத்தூர்லயேதான் நடக்குது. கல்யாணம் ஆன பையனுக்கு வேல போயிருது, ஊட்ல சொல்ல முடியல, மாசச் சம்பளம் வர்ற மாதிரியே காட்டிக்கோணும், அதுக்கு அங்க கடன் இங்க கடன், அப்பறம் லோன் ஆப்பு. அவ்ளோதான் கதை. கேக்க சோகமா இருக்குமுங்க, ஆனா தியேட்டரே சிரிச்சுட்டு இருந்துச்சு.

அதுல குரு சோமசுந்தரம் பண்ண மாமா கேரக்டர் இருக்குதே, காசு இருக்கற திமிர்ல வந்து உக்காந்துட்டு மச்சான ஏற எறங்கப் பாக்கறதும் புத்தி சொல்றதும், அந்த மாதிரி ஒரு மாமா நம்மூர்ல ஊட்டுக்கு ஒருத்தரு இருக்காருங்க. விருந்துக்கு கூப்பிட்டாலும் குத்தம் கூப்படலைனாலும் குத்தம். படம் பாத்துட்டு வெளிய வரும்போது எங்க நங்கை யாரு பேரையோ சொல்ல வாயெடுத்து, பக்கத்துல மாமியார் நிக்கறதப் பாத்து முழுங்கிக்கிட்டாங்க. அப்பாவா வர்றது ஆர்.சுந்தர்ராஜன், ஒரு காலத்துல பெரிய பெரிய ஹிட்டு குடுத்த டைரக்டரு, இதுல சும்மா வேட்டிய கட்டிட்டு நம்ம பெரியப்பா மாதிரியே உக்காந்திருக்காரு.

கொறை இல்லாம இல்ல, கடைசி அர மணி நேரத்துல பிரச்சன மேல பிரச்சன அடுக்கி ஒரு கட்டத்துல போதும்டா சாமின்னு ஆயிருது. ஆனா வேல இல்லாதவன் காலைல கெளம்பி எங்க போயி பொழுத ஓட்டுவான்னு யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க, அதுக்கே காசு சரியாப் போச்சு.

3பிஎச்கே பாக்கலாமா? ரொம்ப அழுகையாமே?

பாக்கலாம், ஆனா ஊட்டு லோன் ஓடிட்டு இருக்கறவங்க மனச திடப்படுத்திட்டுப் போங்க. சரத்குமார், தேவயானி அப்பா அம்மா, சித்தார்த் பையன், ஸ்ரீகணேஷ் டைரக்சன். சொந்த ஊடு வாங்கோணும்னு ஒரு குடும்பம் வருசக்கணக்கா காசு சேக்குது, சேருற நேரம் பாத்து காலேஜ் சீட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணம்னு ஒன்னு வந்து அள்ளிட்டுப் போயிருது, அதுக்குள்ள ஊட்டு வெல இன்னும் ஏறிப் போயிருக்கும். கணக்குப் புள்ளயா இருக்கறவளுக்கு இதவிட திகில் படம் எதுங்க? எனக்கு புடிச்சுது. ஆனா ஒரு எடத்துலகூட அந்தக் குடும்பம் சிரிக்காதான்னு இருந்துச்சு, கஷ்டப்படற ஊட்லயும் சிரிப்பு இருக்குமுங்க, சொல்லப்போனா அங்கதான் எச்சா இருக்கும்.

அதே நாளு, 2025 ஜூலை 4, ராம் டைரக்சன்ல பறந்து போ வந்துச்சு. இ.எம்.ஐ கட்ட முடியாத அப்பன் பையன வண்டில ஏத்திக்கிட்டு ஊரு ஊரா போற கதை. மிர்ச்சி சிவா அப்பா. அதுலயும் காசில்ல, ஆனா சிரிப்பு இருக்கு. ரெண்டுல ஒன்னுதான் பாக்க முடியும்னா நான் பறந்து போ தான் சொல்லுவேன், எங்க ஊட்டுக்காரரு 3பிஎச்கேன்னு சொல்லுவாரு, அவருக்கு அந்த அப்பா கேரக்டர் போயி எங்கியோ குத்திருச்சு.

எம்பையன் அரியர் வெச்சிருக்கான், ட்ராகன் கூட்டிட்டுப் போலாமா?

கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. 48 அரியர் வெச்சவன் போலி சர்டிபிகேட்டுல வேலைக்குப் போயி, சம்பாதிச்சு, ஊடு வாங்கி, கடைசில மாட்டற கதை. நம்ம பக்கம் அவினாசி ரோட்ல ஆரம்பிச்சு பெருந்துற வரைக்கும் பாத்தீங்கன்னா இஞ்சினியரிங் காலேஜுக்கா பஞ்சம், அதனால தியேட்டர்ல பாதிப் பேரு சொந்தக் கதை மாதிரிதான் பாத்தாங்க. மொதல் பாதி கெத்து காட்டறது, தம்மு, தண்ணின்னு கொஞ்சம் எரிச்சல், பொறுத்துக்கோங்க, அது வேணும்னே பண்ணதுன்னு ரெண்டாவது பாதில தெரியும். மிஷ்கின் பிரின்சிபாலா வர்றாரு. பிரதீப் ரங்கநாதன் அப்பாகிட்ட வந்து நிக்கற எடத்துல எனக்குப் பக்கத்துல ஒரு காலேஜுப் பையன் மூஞ்சிய தொடச்சிட்டு ஃபோனப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டான்.

மகாராஜா ஏன் இவ்ளோ பேசறாங்க? அவ்ளோ நல்லாவா இருக்கு?

திரைக்கத நல்லாருக்கு, அதுல சந்தேகமே இல்ல. விஜய் சேதுபதிக்கு 50ஆவது படம், நித்திலன் சாமிநாதன் டைரக்சன், 2024 ஜூன்ல வந்து நம்மூர்ல ஓடி முடிஞ்சு நவம்பர்ல சீனாவுலயும் போயி ஓடுச்சு. சலூன் கட வெச்சிருக்கற ஒரு மனுசன் போலீஸ் ஸ்டேசனுக்குப் போயி என் லட்சுமிய காணோம், திருடிட்டாங்கன்னு கம்ப்ளைண்ட் குடுக்கறாரு. லட்சுமிங்கறது ஒரு இரும்பு குப்பத்தொட்டி. அதக் கண்டுபுடிச்சுத் தர்றதுக்கு லட்சக்கணக்குல குடுக்கறேன்னு சொன்னதும் ஸ்டேசன்ல இருக்கற மூஞ்சிக எல்லாம் மாறும் பாருங்க, அந்த சீன் ஒன்னு போதும். முடிவெட்டி சம்பாதிக்கறவனுக்கு அவ்ளோ காசு ஏது, குப்பத்தொட்டிக்கு எதுக்கு குடுக்கறான்னு நானும் சீட்டு நுனிக்கு வந்துட்டேன்.

ஆனா கடைசி முடிச்சு எனக்கு மனசு ஒப்பலீங்க. ஒரு பொண்ணுக்கு நடக்கற கொடுமைய வெச்சு ட்விஸ்ட்டு குடுத்து கைதட்டு வாங்கறது என்னவோ மாதிரி இருந்துச்சு. எல்லாரும் பிரமாதம்னு சொன்னாங்க, நான் பாதிதான் சொல்லுவேன். சின்னப் பசங்கள கூட்டிட்டுப் பாக்காதீங்க.

மெய்யழகன் ஸ்லோவா?

ஸ்லோதான். அதனால என்னங்க? நோம்பிக்கு ஊருக்குப் போனா ரவைக்கு திண்ணைல உக்காந்து பழைய கதை பேசறோம்ல, அப்ப யாராவது ஸ்பீடு பத்தலைன்னு சொல்லுவாங்களா. 2024 செப்டம்பர்ல வந்தப்ப நீளம் நீளம்னு ஆளாளுக்குச் சொல்லி, ஒரு வாரத்துக்குள்ள 18 நிமிசத்த வெட்டிட்டாங்க. எனக்கு அது வெசனமாப் போச்சு.

தஞ்சாவூர்ல சொத்துத் தகராறுல ஊட்ட உட்டுட்டுப் போனவரு அரவிந்த்சாமி, பல வருசம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாரு. மேடைலயே அந்தப் புள்ளைக்கு கொண்டுவந்த நகைய ஒன்னொன்னா போட்டு விடுவாரு பாருங்க, எங்க சித்தி பக்கத்து சீட்ல வாய்விட்டு அழுதுட்டாங்க. சீர் செய்யற ஊர்ல பொறந்தவங்களுக்கு அது எங்க போயி படும்னு சொல்லத் தேவையில்ல. அப்பறம் கார்த்தி ராத்திரி பூராம் பேசறாரு, பேசறாரு, பேசிட்டே இருக்காரு. அரவிந்த்சாமி ஊட்ட காலி பண்ணும்போது உட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிளு இன்னொரு ஊட்டுப் பொழப்பையே தூக்கி உட்ருச்சுன்னு நடுவுல வரும். உட்டுட்டுப் போனவருக்கு நெனப்பே இல்ல, எடுத்துக்கிட்டவங்க மறக்கவே இல்ல. படத்துல காசு தெரியோணும்னு நான் சொல்றது இதத்தான்.

கூலி? நம்ம கிணத்துக்கடவு ஆளு எடுத்ததாச்சே?

டைரக்டரு லோகேஷ் கனகராஜ் நம்மூரு, பிஎஸ்ஜி காலேஜுல படிச்சவரு, சத்யராஜும் நம்மூரு, ரஜினியும் சத்யராஜும் மிஸ்டர் பாரத்துக்கு அப்பறம், அது 1986, இப்பதான் ஒன்னா நடிச்சாங்க, அந்த ஆசைலதான் எல்லாரும் போனோம். சத்யராஜுக்கு வேல கம்மி. சௌபின் சாஹிர் பின்னி எடுத்துட்டாரு, படமே அவருதான்னு வெச்சுக்கோங்க. நாகார்ஜுனாவ வெச்சுட்டு, உபேந்திராவ வெச்சுட்டு, கடைசில ஆமிர்கானையும் எறக்கி, யாருக்கும் ஒரு முழு வேலையக் குடுக்கல.

ரஜினி ஒரு மேன்சன் நடத்தறாரு, அது வரைக்கும் எனக்குப் புடிச்சுது, தேவைக்குத் தகுந்த மாதிரி ஒரு பொழப்பு இருக்கு. அப்பறம் பொணத்த நொடில சாம்பலாக்கற ஒரு எலக்ட்ரிக் சேரு வருதுங்க, அங்க எங்க கணக்கு நோட்ட மூடி வெச்சுட்டேன். பாட்டுக்கும் தலைவர் நடைக்கும் ஒருக்கா பாக்கலாம். ரெண்டாவது தரம் போறதுக்கு கொழுந்தனாரு கூப்பிட்டாரு, நான் போகல.

கேரளா போயி மொத ஷோ பாக்கறது வொர்த்தா?

வயசுப் பசங்களுக்கு வொர்த்து. வெளியூர் ஆளுகளுக்கு இது புரியாது, அதனால சொல்லிடறேன். 2023 ஜனவரில துணிவும் வாரிசும் ஒரே நாள்ல வந்தப்ப சென்னைல லாரி மேல ஏறி ஆடுன ஒரு ரசிகப் பையன் விழுந்து செத்துட்டான், அதுக்கப்பறம் தமிழ்நாட்ல விடியக்கால ஷோ நின்னு போச்சு, பெரிய படம்னா ஸ்பெசல் பர்மிசன் வாங்கி காலைல 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கறாங்க. கேரளாவுல அதுக்கு வெகு முன்னாடியே போட்டுருவாங்க. லியோவுக்கு அங்க 4 மணி ஷோ. கோயமுத்தூர்ல இருந்து வாளையாறு தாண்டுனா பாலக்காடு, என்ன பெரிய தூரம், ராத்திரியே பைக்கக் கெளப்பிட்டுப் போயி வெள்ளென படத்தப் பாத்துட்டு, நம்மூர்ல மொத ஷோ உடறதுக்குள்ள கதையவும் வாட்சப்புல போட்டுருவானுக. எந்தம்பி லியோவுக்குப் போனான், வந்தவன் சாயங்காலம் வரைக்கும் தூங்குனான், படம் எப்பிடின்னா "கூட்டம் செம"ங்கறான். குடும்பத்தோட போறவங்க மரியாதையா மேட்னி பாருங்க.

எது பாத்து தலவலி வந்துச்சு?

கங்குவா. நெசமாவே தலவலி. சத்தம் தாங்க முடியலைன்னு நம்ம மட்டும் சொல்லல, புரொட்யூசரே தியேட்டர்காரங்ககிட்ட வால்யூம ரெண்டு பாயிண்ட் கொறைக்கச் சொன்னாரு, 2024 நவம்பர்ல அது பெரிய பேச்சாச்சு. சூர்யா உழைச்சிருக்காரு, கண்ணுல தெரியுது, ஆனா எல்லாரும் எந்நேரமும் கத்திட்டே இருந்தா யாரு மேல பாசம் வரும்? ஓவர்லாக் மிசினு ஓடற எடத்துல ஆறு நாளும் உக்காந்திருக்கேன், ஞாயித்துக்கெழமயும் அதே சத்தத்த காசு குடுத்துக் கேக்கோணுமா.

இந்தியன் 2 பத்தி எழுத ஒன்னுமில்ல. ரிலீசுக்கு அப்பறம் 12 நிமிசம் வெட்டுனாங்க, வெட்டுனது பத்தல.

தக் லைஃப்?

மணிரத்னமும் கமலும் நாயகனுக்கு அப்பறம் 38 வருசம் கழிச்சு சேந்தாங்க. சேந்தாங்க. அவ்ளோதான்.

கொட்டுக்காளி புரியலைன்னு சொல்றாங்களே?

புரியாம ஒன்னுமில்லீங்க, பழகல. பி.எஸ்.வினோத்ராஜ் படம், சூரி, அன்னா பென். பேக்ரவுண்ட் மியூசிக்கே கெடையாது, ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், மனுசங்க சத்தம், அவ்ளோதான். வேற சாதிப் பையன விரும்புன பொண்ணுக்கு பேய் புடிச்சிருக்குன்னு ஒரு குடும்பமே ஆட்டோல ஏத்தி சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போகுது. அந்தப் புள்ள வாயே தொறக்கறதில்ல. மதுர பக்கத்துக் கதைதான், ஆனா நம்மூர்ல இது நடக்கறதில்லைன்னு யாராவது சொன்னா அவங்ககூட எனக்குப் பேச்சில்ல. ரிலீசான 2024 ஆகஸ்ட் 23 அன்னைக்கேதான் மாரி செல்வராஜோட வாழையும் வந்துச்சு, கூட்டம் பூராம் அங்க போயிருச்சு. கொட்டுக்காளி முடியற எடத்துல எனக்குப் பின்னாடி ஒருத்தரு "இன்னொரு ரீல் இருக்குதாட்ட"ன்னு உக்காந்தே இருந்தாரு, லைட்டு போட்டதுக்கு அப்பறம்தான் எந்திரிச்சாரு.

நம்ம கொங்குத் தமிழ் சினிமால சரியாப் பேசறாங்களா?

முக்காவாசி இல்ல. எல்லா வார்த்தைக்கும் பின்னாடி ஒரு "ங்" ஒட்டிட்டா கோயமுத்தூர்னு நெனைக்கறாங்க. பொண்டாட்டிகிட்ட, எதிரிகிட்ட, நாயிகிட்டகூட "ங்க" போடுவானுக. நம்மாளு கோவம் வந்தா எப்பிடிப் பேசுவான்னு அவங்க கேட்டதே இல்லயாட்ட இருக்கு. சதிலீலாவதில கமலும் கோவை சரளாவும் பேசுனாங்களே, 1995ல, அது பேச்சு. கவுண்டமணி உடுமலப்பேட்ட பக்கத்துக்காரரு, மணிவண்ணன் சூலூரு, சத்யராஜு கோயமுத்தூரு, அவங்களுக்கெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல. இப்ப குடும்பஸ்தன்ல திரும்ப அந்தப் பேச்சக் கேட்டது காதுக்கு எதமா இருந்துச்சு.

இந்த 500 கோடி, 600 கோடி போஸ்டரெல்லாம் நெசமா?

கணக்குக்காரியா பதில் சொல்றேன். போஸ்டர்ல போடறது கிராஸ், அதாவது டிக்கெட் வித்த மொத்தக் காசு. அதுக்குள்ள ஜிஎஸ்டி இருக்கு, நூறு ரூபாக்கு மேல டிக்கெட்டுன்னா 18 சதவீதம், லோக்கல் வரி தனி. அதக் கழிச்சு மிச்சத்துல தியேட்டர் பங்கு, டிஸ்ட்ரிபியூட்டர் கமிசன், எல்லாம் போயிதான் புரொட்யூசர் கைக்கு வரும். மொத வாரம் தியேட்டருக்குப் பங்கு கம்மி, நாள் போகப்போகத்தான் ஏறும், அதனால மூனாவது வாரமும் கூட்டம் வர்ற சின்னப் படம்னா தியேட்டர்காரருக்கு அவ்ளோ சந்தோசம். எக்ஸ்போர்ட் கம்பெனில டர்னோவரப் பாத்து லாபம்னு நெனச்சுக்கற மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மாதிரிதான் இந்த ரசிகருங்க சண்ட.

குடும்பத்தோட போனா எவ்ளோ ஆகும்?

2024ல மல்டிபிளக்ஸ்னா 150 ரூபா மேல வரி சேத்தி ஆளுக்கு 190 பக்கம் ஆச்சு, அஞ்சு பேருன்னா டிக்கெட்டே தொள்ளாயிரத்தி அம்பது, ஆன்லைன்ல போட்டா அதுக்கு ஒரு சார்ஜு, பாப்கார்ன் வெலையச் சொன்னா அமுச்சி எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரும். சின்ன ஊரு தியேட்டர்ல நூறு ரூபாக்குள்ள டிக்கெட் இருந்தா அதுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா கொறைச்சிருக்காங்க. மழைல ஏசி ஒழுகற தியேட்டர் ஒன்னு எங்க பக்கம் இருக்கு, பேரு சொல்லல, அங்க போனா நடு வரிசைல உக்காராதீங்க.

கொழந்தைங்கள உள்ள உடுவாங்களா?

படத்தோட சர்டிபிகேட்டப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க. இப்ப வெறும் யு, யுஏ, ஏ இல்ல, யுஏல 7, 13, 16ன்னு வயசு போட்டு வருது. அதுக்குக் கீழ வயசுன்னா அப்பா அம்மா பாத்து முடிவு பண்ணிக்கலாம். ஏ-ன்னா முடியாது, 18 ஆகோணும். கூலிக்கு ஏ குடுத்துட்டாங்க, அது தெரியாம ரஜினி படம்தானேன்னு பசங்கள இழுத்துட்டுப் போயி வாசல்ல நின்னவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

ரிவ்யூ பாத்துட்டுப் போலாமா?

தியேட்டர் வாசல்ல மைக்க நீட்டறவங்கள உள்ள உடாதீங்கன்னு 2024 நவம்பர்ல தயாரிப்பாளருங்க சங்கமே கேட்டுக்கிட்டாங்க. எனக்கு அதுல பாதி சம்மதம். மொத ஷோ பாத்துட்டு பட்டாசு வெடிச்ச கையோட வர்றவன் சொல்றதும் ரிவ்யூ இல்ல, இன்னொரு ஸ்டாரு ரசிகன் வேணும்னே வந்து திட்டறதும் ரிவ்யூ இல்ல. ஆனா காசு குடுத்துப் பாத்தவன் வாய மூடுன்னா எப்பிடி? புதன்கிழம வரைக்கும் பொறுங்க, அதுக்கும் அப்பறம் கூட்டம் இருந்தா போங்க.

அமுச்சிய கூட்டிட்டுப் போகோணும், எந்தப் படம்?

டூரிஸ்ட் ஃபேமிலி. தியேட்டர்ல இருந்து போயிருச்சு, ஓடிடில போட்டுக் காட்டுங்க. இலங்கைல இருந்து படகுல வர்ற குடும்பம் சென்னைல ஒரு காலனில ஒளிஞ்சு பொழைக்குது, சசிகுமார், சிம்ரன். பவானிசாகர் அகதிங்க கேம்ப்புப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு நெசத்துல இவ்ளோ சுளுவா இருக்காதுன்னு தெரியும், எல்லாரும் எல்லாருக்கும் நல்லவங்களா மாறிடறாங்க, அது கொஞ்சம் ஓவரு. அமுச்சிக்கு அதெல்லாம் பிரச்சனையே இல்ல, சிம்ரன் அந்தப் பசங்கள வெச்சுட்டு என்ன பண்ணுவாளோன்னு இடைவேளைக்கு முன்னாடியே கேக்க ஆரம்பிச்சிரும். சத்தத்த கொஞ்சம் எச்சா வெச்சு, சாப்பாட்டு மாத்திரையக் குடுத்துட்டு போட்டு உடுங்க, நடுவுல தூங்குனா எழுப்பாதீங்க, எழுப்புனா மொதல்ல இருந்து போடச் சொல்லும்.